முதலில் சுட்டவன்

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளை இந்த வருடம் மறுபடியும் வரிசையாகப் படித்தேன். 1954-இல் வந்த முதல் தொகுப்பிலிருந்து ஆரம்பித்து, பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு. தேடினது ஒரே ஒரு விஷயம்தான். இந்த மனிதர் ரைபிள் சுட எப்படிப் பழகினார்? எங்கே பழகினார், எத்தனை தோட்டா செலவழித்தார், இருட்டில் பத்தடி தூரத்தில் புலி நிற்கும்போது கை நடுங்காமல் இருக்க என்ன செய்தார்?

நோட்டு கிட்டத்தட்ட காலியாகத்தான் இருக்கிறது.

மற்றதெல்லாம் நிறைய இருக்கிறது. .405 வின்செஸ்டர் ரைபிள், குழலில் மாட்டிய டார்ச், பிளாஸ்கில் தேநீர், பரணுக்குப் பதிலாக மரத்தில் தலைகீழாகக் கட்டிய கயிற்றுக் கட்டில், காலில் ஏறும் மரமரப்பு, கொசு, நட்சத்திரங்களின் பெயர். காட்டின் சத்தங்களை மனிதர் பக்கம் பக்கமாக எழுதுவார். ஆனால் சுடுகிற இடம் வந்தால் இரண்டு வரி. விளக்கைப் போட்டேன், கண்கள் மின்னின, விசையை அழுத்தினேன். அவ்வளவுதான். பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறைக்கு ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஒருவர், அந்த இரண்டு வரிக்காக வீட்டில் என்ன செய்தார் என்பது மட்டும் இல்லை.

இதை ஒரு குறையாகவே சொல்கிறேன். ஆண்டர்சனைப் பிடிக்காது என்று அர்த்தமில்லை. விழுப்புரம், திண்டிவனத்துக்காரனான எனக்கு ஒரே பகலில் பஸ்ஸில் போய் இறங்கிவிடக்கூடிய ஊர்களை அவ்வளவு அழகாக எழுதிய வேறொருவர் கிடையாது. ஆனால் பயிற்சியை மறைக்கும்போது ஒரு தப்பான பிம்பம் உருவாகிவிடுகிறது. குறி என்பது பிறவியிலேயே வருவது, தைரியம் இருந்தால் குண்டு தானாகப் போய்ப் படும் என்கிற பிம்பம். அந்தப் பிம்பத்துக்கும் ஆட்கொல்லிப் புலிகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜிம் கார்பெட் ஒரு இடத்தில் இதை எழுதியிருக்கிறார். எல்லாரும் படிக்கும் குமாயுன் புத்தகத்தில் இல்லை, 1953-இல் வந்த 'ஜங்கிள் லோர்' நூலில். கார்பெட் புத்தகங்களில் நம்மவர்கள் கடைசியாகப் படிப்பது, பலர் படிக்காமலே விடுவது அதுதான். புலி வேட்டைக் கதை என்று நினைத்து எடுத்தால் ஏமாற்றமாக இருக்கும், சின்னப் பையன் காட்டில் திரிகிற கதை. முதலில் உண்டிகோல். அடுத்து வில். பிறகு பறவைகளைச் சேகரித்துத் தரச் சொல்லி ஒருவர் கொடுத்த, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி. அதில் ஒரு குழல் வெடித்துப் பிளந்து போனது. அடிக்கட்டையைக் கம்பி சுற்றிக் கட்டியிருக்கும். பையனுக்கு மிஞ்சியது ஒரு குழல், ஒரு வெடி. தப்பினால் மறுபடி கெட்டிக்க நேரமாகும். அதனால் நெருங்கிப் போகக் கற்றுக்கொள்கிறான். சுடக் கற்பதற்கு முன்னால் நடக்கக் கற்றான் என்பதுதான் அந்த அத்தியாயங்களின் சாரம்.

அப்புறம் நைனிடாலில் தொண்டர் படையின் சிறுவர் பிரிவு. பத்து வயதுப் பையன், முரட்டுச் சார்ஜென்ட் மேஜர், தோளை உடைக்கும் மார்ட்டினி ரைபிள். மேலதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, சுடும் மைதானத்தில் பையனுக்குக் கை உதறுகிறது, குறி தவறுகிறது. அப்போது ஒரு பெரிய அதிகாரி பக்கத்தில் வந்து, அவசரமில்லை, நிதானமாகச் சுடு என்று மெதுவாகச் சொல்கிறார். வாழ்நாள் முழுக்க அவசரப்படத் தோன்றிய போதெல்லாம் அந்தக் குரல்தான் தன்னைத் தடுத்தது என்று கார்பெட் எழுதுகிறார். பதற்றத்தில் சுடுவது பற்றி அவருடைய எல்லாப் புத்தகங்களிலும் சேர்த்து இதைவிட நேர்மையான பக்கம் கிடையாது என்பது என் கருத்து. அதே சார்ஜென்ட் மேஜர் பிறகு பையனுக்கு ஒரு ரைபிளைக் கடன் கொடுக்கிறார், தேவையான அளவுக்குத் தோட்டாவோடு. நிபந்தனை இரண்டே: ரைபிளைச் சுத்தமாக வைத்திருக்கணும், காலித் தோட்டாக்களைத் திருப்பித் தரணும்.

இந்தக் காலித் தோட்டா விஷயம் என்.சி.சி.-யில் இருந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். எங்கள் கல்லூரி நாட்களில் .22 ரைபிளில் வருடத்துக்கு ஐந்து ரவுண்டு. படுத்துக்கொண்டு, 25 மீட்டரில், ஐந்து ஓட்டையும் எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்று பார்ப்பார்கள். சுட்டு முடிந்ததும் ஹவில்தார் முதலில் கேட்பது மார்க் இல்லை, "காலி எங்க?" ஒன்று குறைந்தாலும் புல்லைத் துழாவ வேண்டியதுதான். ஐந்து ரவுண்டில் ஒருவன் என்ன கற்றுக்கொள்ள முடியும்? துப்பாக்கி சத்தம் போடும் என்று கற்றுக்கொள்ளலாம். கார்பெட்டுக்குக் கிடைத்தது பத்து வயதில், கேட்ட அளவுக்கு, அரசாங்கச் செலவில். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி எதற்குத் தேவை என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன் (தொழில் புத்தி, விடாது). அந்தக் கால .577/450 மார்ட்டினி குண்டு 480 கிரெய்ன் எடை, கிளம்பும் வேகம் நொடிக்குச் சுமார் 1350 அடி. 100 மீட்டர் போவதற்குள் குழலின் நேர்க்கோட்டிலிருந்து தோராயமாக 30 செ.மீ. கீழே இறங்கிவிடும். 100 மீட்டருக்குச் சரிசெய்து வைத்த அதே துப்பாக்கியால், 150 மீட்டரில் நிற்கும் மிருகத்தை 100 என்று நினைத்துச் சுட்டால், குண்டு குறிவைத்த இடத்துக்குக் கால் மீட்டருக்கும் மேல் கீழே போகும். தோளுக்குப் பின்னால் நுரையீரலுக்கு வைத்த குறி, முன்னங்காலை உடைக்கும், அல்லது அடிவயிற்றை உரசிக்கொண்டு போகும். கார்பெட் பின்னாளில் வைத்திருந்த .275 ரிக்பி போன்ற வேகமான ரைபிளில் அதே தப்புக்கு வித்தியாசம் 6, 7 செ.மீ.தான். நல்ல துப்பாக்கி மனிதனின் தப்பை மன்னிக்கிறது. பழைய துப்பாக்கி மன்னிக்காது. தூரத்தைக் கண்ணால் அளக்கத் தெரியாதவன் கையில் அது காயப்படுத்தும் கருவி மட்டும்தான்.

இதெல்லாம் காகிதக் குறியில் பழகக்கூடியது. பழக முடியாதது பதற்றம் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பதற்றத்தையும் பழகலாம், பழகியிருக்கிறார்கள். பனிச்சறுக்கோடு ரைபிள் சுடுகிற பையத்லான் போட்டியில் வீரர்கள் கிலோமீட்டர் கணக்கில் சறுக்கி, நெஞ்சு படபடக்க வந்து நின்று, 50 மீட்டரில் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது 45 மி.மீ. வட்டம், நின்று சுடும்போது 115 மி.மீ. மூச்சு வாங்கும்போது சுடுவதுதான் அந்த விளையாட்டே. நம்ம அபினவ் பிந்த்ரா 2008 பீஜிங் ஒலிம்பிக்குக்கு முன்னால், அந்த ஊர் அரங்கத்தின் விசாலத்துக்குக் கண் பழகணும் என்று சண்டிகரில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பழகினார். கடைசிக் குண்டு 10.8, தங்கம். சாஃப்ட்வேரில் இதைத்தான் லோடு டெஸ்ட் என்போம், கூட்டம் வருவதற்கு முன்னால் செயற்கையாகக் கூட்டத்தை உண்டாக்கிப் பார்ப்பது. பிந்த்ரா தன் சுயசரிதையில் இந்தப் பைத்தியக்காரத்தனங்களை எல்லாம் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். வேட்டைக்காரர்கள் எழுதவில்லை. எழுதினால் மாயம் போய்விடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

கார்பெட்டின் மிகப் புகழ்பெற்ற சுடுதலையே எடுத்துக்கொள்வோம். சௌகர் பெண்புலி, 1930 ஏப்ரல். இடது கையில் பக்கிக் குருவியின் இரண்டு முட்டைகள். வலது கையில் ரைபிள். ஒரு பாறையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் சில அடி தூரத்தில் புலி படுத்திருக்கிறது. ஒரே கையால் ரைபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக, புலியின் கண்ணை விட்டுக் கண்ணெடுக்காமல், சுற்றிக் கொண்டுவந்து சுடுகிறார். இந்தக் காட்சியை 'என்னா தைரியம்' என்றுதான் நண்பர்கள் எல்லாரும் சொல்வார்கள். திரும்பப் படித்துப் பாருங்கள். அதில் நடப்பது வேகம் இல்லை, மெதுவு. கையில் முட்டை இருந்ததால்தான் திடீரென்று அசையாமல் இருந்தேன் என்று அவரே சொல்கிறார். நைனிடால் மைதானத்தில் பத்து வயதில் கேட்ட அந்தக் குரலைத்தான் நாற்பது வருடம் கழித்து இங்கே பார்க்கிறோம். 'ஜங்கிள் லோர்' படிக்காதவருக்கு இது அதிசயம். படித்தவருக்கு இது பயிற்சி.

ஆனால் அதே சௌகர் கதையில் இதற்கு ஒரு வருடம் முன்னால் நடந்த இன்னொரு சுடுதல் இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. தாயும் வளர்ந்த குட்டியும் சேர்ந்து திரிந்த காலம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன. கார்பெட் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சுடுகிறார். குண்டு சரியாகவே படுகிறது, விலங்கு சாகிறது. போய்ப் பார்த்தால் குட்டி. தாய் தப்பிவிட்டது. அந்தத் தவறுக்கு அடுத்த ஓராண்டில் அந்த வட்டாரம் மனித உயிர்களைக் கொடுத்தது என்று அவரே கணக்குச் சொல்கிறார். குறியில் குறை இல்லை, எதைச் சுடுகிறோம் என்பதில் குறை. சாதாரணக் குறிப் பயிற்சி இதைச் சொல்லித் தருவதில்லை, ஏனென்றால் அதில் சுடக்கூடாத குறி என்று ஒன்று வைப்பதில்லை. இதை மறைக்காமல் எழுதினதுக்காகவே கார்பெட் ஆண்டர்சனைவிட ஒரு படி மேல் என்று சொல்வேன்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1907-இல் கார்பெட் சுட்டார். செத்த பிறகு வாயைத் திறந்து பார்த்தால் வலது பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும், மேலும் கீழும், உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால் மனிதர்களிடம் வந்தது என்பது கார்பெட்டின் முடிவு. அப்படியானால் அந்தக் கதையில் சுட்டவர்கள் இரண்டு பேர். இரண்டாவது சுட்டவருக்குப் பெயர், ரிக்பி ரைபிள் பரிசு, புத்தகம், பிறகு ஒரு தேசியப் பூங்கா. முதலில் சுட்டவன்? அவன் யார், எந்த ஊர், எந்தத் துப்பாக்கி, எவ்வளவு தூரம், ஏன் அவசரப்பட்டான், ஏன் காயம்பட்ட புலியைத் தொடர்ந்து போகவில்லை? ஒன்றும் தெரியாது. 436 சாவுக்கும் முன்னால் ஒரு மோசமான குண்டு இருக்கிறது, அது எங்கேயும் பதிவாகவில்லை.

எல்லா ஆட்கொல்லியும் இப்படி உருவானதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முக்தேசர் பெண்புலியின் ஒரு கண்ணைப் பறித்தது முள்ளம்பன்றி, உடம்பில் ஐம்பது முட்கள் ஏறியிருந்தன. ருத்ரபிரயாக் சிறுத்தைக்கு 1918 காய்ச்சலில் எரிக்காமல் விட்ட பிணங்களைக் காரணம் சொல்கிறார். ஆனால் குமாயுன் நூலின் முன்னுரையில் கார்பெட் முதலில் சொல்லும் காரணம் கவனமில்லாமல் சுட்டு, காயத்தோடு விட்டுவிடுவதுதான்.

ஆண்டர்சனும் இதைத் தெரிந்தவர். அவர் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிற வில்லன் யாரென்றால், நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் கிராமத்தான். தண்ணீர்த் துறையில் ஒளிந்திருந்து சுடுகிறவன், வயலைக் காக்கிறேன் என்று சிறுத்தையைக் காயப்படுத்துகிறவன். நடந்திருக்கும், மறுக்கவில்லை. எனக்கு இடிப்பது அவருடைய தொனி. கிராமத்தான் தவறவிட்டால் அது அவன் குணம். பட்டணத்துத் துரை தவறவிட்டால் அது துரதிர்ஷ்டம், வெளிச்சம் சரியில்லை, மரக்கிளை தடுத்தது.

நாட்டுத் துப்பாக்கியை நான் கதையில் மட்டும் பார்த்தவனில்லை. திண்டிவனம் பக்கம் ஏரிக்கரைகளில் நரிக்குறவர்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததை என் வயதுக்காரர்கள் பலர் பார்த்திருப்போம். மருந்தைக் கொட்டி, நாரை அடைத்து, கம்பியால் இடித்து, சன்னம் போட்டு, மறுபடி அடைத்து, கேப்பு வைத்து. ஒரு வெடிக்கு இவ்வளவு வேலை. மருந்துக்குக் காசு. அந்தக் கையிலிருந்து காகிதக் குறிக்காக ஒரு வெடிகூட வீணாகாது, வீணாக்கவும் முடியாது. அதனால் அவர்கள் பழகினது சுடுவதை இல்லை, நெருங்குவதை. சிறு வயது கார்பெட் உடைந்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு கற்ற அதே பாடம். வித்தியாசம், அவருக்கு அடுத்த வகுப்பு கிடைத்தது. இவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையே குற்றமாயிற்று, பாசிமணி, ஊசிமணி என்று போனார்கள். சட்டம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, கழுவேலியில் இன்றைக்குப் பறவை இருக்கிறதென்றால் அதனால்தான். கல்வராயன் மலைப் பக்கம் இன்னும் அவ்வப்போது நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்தி வருகிறது. செய்தியில் துப்பாக்கி எண்ணிக்கை இருக்கும். அதற்கு முன்னால் காட்டுக்குள் காயத்தோடு ஓடின மிருகங்களின் எண்ணிக்கை இருக்காது.

பயிற்சி என்பது தோட்டா. தோட்டா என்பது பணம், உரிமம், மைதானம். இந்த மூன்றும் யாரிடம் இருந்தது என்று கேட்காமல் யார் நல்ல வேட்டைக்காரன் என்று எழுதுவது பாதி விமர்சனம்தான். ஆண்டர்சன் அந்தப் பாதியோடு நிறுத்திவிட்டார்.

ஒரு கிளைக் குறிப்பு. செங்கம், தருமபுரிப் பக்கம் போனால் நடுகற்களைப் பார்க்கலாம். புலியோடு போரிட்டுச் செத்தவனுக்கு எடுத்த புலிக்குத்திக் கல்லும் தமிழ்நாட்டில் பல இடங்களில் உண்டு. ஈட்டியோ வாளோ பாய்ச்சுகிற ஆள், எதிரே பாய்கிற புலி. நம் மரபில் கல் எடுத்தது தோற்றவனுக்கு, புத்தகம் வந்தது பிழைத்தவனுக்கு. வேட்டை நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு பயிற்சி போதுமா, போதாதா என்று முடிவு செய்ய முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கை நடுங்கினவர்கள் யாரும் நூல் எழுதவில்லை. (செங்கம் கற்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.)

இது பழங்கதை இல்லையா என்று கேட்கலாம். 2014 ஜனவரியில் நீலகிரியில் தொட்டபெட்டா வட்டாரத்தில் மூன்று பேரைக் கொன்ற புலியை வனத்துறையும் அதிரடிப்படையும் பல நாள் தேடிச் சுட்டார்கள். 2018 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் யவத்மால் காட்டில் அவ்னி என்ற பெண்புலி இரவில் சுடப்பட்டது, மயக்க ஊசி முதலில் போடப்பட்டதா என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-இல் மசினகுடியில் டி23. அப்போது டீக்கடையிலும் வாட்ஸப்பிலும் நான் கேட்டதெல்லாம் ஒரே வசனம்: "இந்நேரம் கார்பெட் இருந்திருந்தா ஒரே குண்டு." இத்தனை பேர் போயும் பிடிக்க முடியவில்லையே என்று வனத்துறைக்காரர்களைக் கிண்டல் செய்தார்கள்.

கார்பெட் இருந்தார். ருத்ரபிரயாகில் ஒரு சிறுத்தைக்கு அவருக்கு எத்தனை மாதம் ஆயிற்று, கடைசியில் குலாப்ராய் மாமரத்தில் எத்தனை இரவு உட்கார்ந்தார் என்று படித்தவர்கள் அந்த வசனத்தைச் சொல்ல மாட்டார்கள். மயக்க ஊசி வேலை ரைபிளைவிடக் கஷ்டம். ஊசி மெதுவாகப் போகும், சில பத்து மீட்டருக்குள் நெருங்கியாக வேண்டும், தொடைச் சதையில் படணும், எடையைக் கண்ணால் மதிப்பிட்டு மருந்தளவு போடணும். பட்ட பிறகும் மயங்க நிமிடங்கள் ஆகும், அதுவரை காயப்படாத, கோபமான புலி புதருக்குள் நடமாடும். டி23-ஐத் தேடினவர்கள் மூன்று வாரம் மழையிலும் புதரிலும் அலைந்தார்கள். உயர் நீதிமன்றம் உடனே கொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தது. அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். நடுவில் எத்தனை தடவை விலங்கு கண்ணில் பட்டும் சுடாமல் விட்டிருப்பார்கள்? நான் படிக்க ஆசைப்படும் வேட்டை நூல் அதுதான். அந்த அணியில் இருந்த யாராவது ஒரு வனக் காவலர், தனக்குப் பயிற்சிக்கு எத்தனை ஊசி கொடுத்தார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்து எழுதணும்.